காத்துக் கிடக்காமல் சேதி கேட்பது



இன்றைய பேச்சு கணினியைப் பற்றியது. கணினி என்றதும், "அது படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கு எதற்கு?" என்று வானொலியை அடைத்துவிட வேண்டாம். உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்று இருக்குமானால், அதன் அடிப்படையில் இருந்து வேலை வாங்குவது லினக்ஸ் என்னும் மென்பொருளின் மையப் பகுதிதான். பட்டணத்துக் கல்லூரியில் கணினி படிக்கும் உங்கள் பிள்ளையும் ஒருநாள் இந்தப் பாடத்துக்கு வந்து சேருவான், வந்து சேருவாள். அந்தப் பாடத்தில் ஒரு சிறு பகுதியை நாம் இன்று பார்ப்போம். ஒரே கணினியில் ஓடும் இரண்டு நிரல்கள், ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடக்காமல், எப்படிச் சேதி பரிமாறிக்கொள்கின்றன என்பதே அது.

முதலில் நிரல் என்றால் என்ன என்று தெளிவு செய்துகொள்வோம். கணினிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் வேலைப் பட்டியல்தான் நிரல். அந்தப் பட்டியல் ஓடத் தொடங்கிவிட்டால் அதற்குப் புராசஸ் என்று பெயர் சொல்லுவார்கள். இந்தப் பேச்சில் சுருக்கமாக நிரல் என்றே சொல்லுகிறேன். ஒரு கணினியில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கும். லயத்து வீடுகளைப் போல அவை அடுத்தடுத்து இருந்தாலும், நடுவே சுவர் உண்டு. ஒரு நிரலின் நினைவகத்தை இன்னொரு நிரல் எட்டிப் பார்க்க முடியாது. அப்படிச் சுவர் வைத்தது நல்லதற்குத்தான். ஒன்று கெட்டுப்போனாலும் மற்றவை பிழைத்திருக்கும். சுவர் எழுப்பிக் காவல் நிற்பதற்குக் கெர்னல் என்று பெயர். அதுதான் லினக்ஸின் மையப் பகுதி.

ஆனால் சுவர் மட்டும் இருந்தால் போதுமா? அடுத்த வீட்டுக்காரரோடு பேச வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு வழி வேண்டும்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையை மனத்தில் கொள்ளுங்கள். தராசடியில் ஒருவர் நிற்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் கிராணி கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். சுவரில் ஒரு துளை போட்டு, சரிவாக ஒரு மூங்கில் குழாயைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தொழிலாளியின் பாலையும் நிறுத்தவுடன், தராசுக்காரர் எண்ணையும் எடையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் குழாயில் போடுகிறார். கிராணி அந்த முனையில் ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் புத்தகத்தில் பதிகிறார். முதலில் போட்ட சீட்டு முதலில் வரும். எடுத்த சீட்டு மறுபடி குழாயில் இருக்காது. சீட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்தான் போகுமே தவிர, திரும்பி வராது. குழாய் கொள்ளும் அளவுக்கு மேல் சீட்டுப் போடவும் முடியாது. இந்த நான்கு குணங்களையும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள் இருக்கும் குழாய்க்கும் இவை அப்படியே பொருந்தும்.

நிரல்களைக் குழாயால் இணைக்கலாம் என்ற எண்ணம் புதிதன்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மரே ஹில் என்னும் இடத்தில் பெல் ஆய்வகம் இருந்தது. அங்கே பணியாற்றிய டக்ளஸ் மெக்கில்ராய் என்பவர் 1964-ஆம் ஆண்டிலேயே ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயில் தேவைக்கேற்ப இன்னொரு துண்டை முடுக்கிச் சேர்ப்பதுபோல, நிரல்களையும் ஒன்றோடொன்று சேர்க்க வழி வேண்டும் என்பது அவருடைய கருத்து. அதே ஆய்வகத்தில் யூனிக்ஸ் என்னும் அமைப்பை உருவாக்கிய கென் தாம்சன், 1973-இல் அந்தக் குழாயை யூனிக்ஸுக்குள் பொருத்திக் காட்டினார். எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்!

அந்த முதற் குழாய்க்கு ஒரு குறை இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது. ஒரே தாய் நிரலிலிருந்து பிறந்த பிள்ளை நிரல்கள், தாயிடமிருந்து பெற்றுக்கொண்டு அதைப் பயன்படுத்தலாம். தொடர்பில்லாத வேறொரு நிரல் வந்து, "அந்தக் குழாயைக் கொடு" என்று கேட்பதற்கு வழியில்லை. பெயர் தெரியாத ஆளை எப்படிக் கூப்பிடுவது? இந்தக் குறையைப் போக்கப் பெயர் சூட்டிய குழாய் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் வெளியான சிஸ்டம் 3 என்னும் யூனிக்ஸில் அது இடம்பெற்றது. பின்னர் 1991-இல், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். யூனிக்ஸின் நல்ல பழக்கங்கள் பல லினக்ஸுக்கும் வந்து சேர்ந்தன. பெயர்க்குழாயும் அவற்றில் ஒன்று.

பெயர்க்குழாயை உண்டாக்குவது மிக எளிது. எம், கே, எஃப், ஐ, எஃப், ஓ என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, விரும்பிய பெயரைக் கொடுக்க வேண்டும். பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம். "தராசு" என்று வைத்துக்கொள்வோம். உடனே அந்தப் பெயரில் ஒரு கோப்புத் தோன்றும். பார்ப்பதற்குத்தான் அது கோப்பு. அதனுள் எழுதுவது எதுவும் வட்டில் போய்ச் சேராது. பெயர் என்பது வீட்டு வாசலில் மாட்டிய பலகை மாதிரி. வருகிற இருவரும் ஒரே வாசலுக்கு வந்து சேர உதவும், அவ்வளவே. சேதி முழுவதும் கெர்னலின் நினைவகத்துக்குள்தான் தங்கும். யார் எழுதலாம், யார் படிக்கலாம் என்ற அனுமதியையும் மற்றக் கோப்புகளுக்குக் கொடுப்பதுபோலவே கொடுக்கலாம்.

உங்கள் பிள்ளைகளிடம் லினக்ஸ் கணினி இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். கட்டளை அடிக்கும் சாளரங்கள் இரண்டைத் திறக்க வேண்டும். முதல் சாளரத்தில் சி, ஏ, டி என்னும் படிக்கும் கட்டளையை அடித்துத் "தராசு" என்ற பெயரைக் கொடுக்கட்டும். என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. சாளரம் சிலையாக நின்றுவிடும். பிள்ளை பயந்துபோய், "கணினி செத்துவிட்டது" என்று சொல்லக்கூடும். அது சாகவில்லை, காத்திருக்கிறது. மறு முனையில் எழுதுவதற்கு யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்பொழுது இரண்டாம் சாளரத்தில் இ, சி, எச், ஓ என்னும் கட்டளையால் ஒரு வரியை எழுதி, அம்புக்குறி போட்டுத் "தராசு"க்கு அனுப்பட்டும். அந்த நொடியே முதல் சாளரத்தில் அந்த வரி தோன்றும். எழுதியவர் முனையை மூடிவிட்டதால், படிக்கும் கட்டளையும் தன் வேலை முடிந்தது என்று விடைபெறும்.

இதுதான் காத்திருக்கும் முறை. நாம் வேறாகச் சொல்லாவிட்டால் பெயர்க்குழாய் இப்படித்தான் நடக்கும். படிப்பதற்குத் திறந்தால், எழுதுபவர் வரும்வரை காத்திருக்கும். எழுதுவதற்குத் திறந்தால், படிப்பவர் வரும்வரை காத்திருக்கும். குழாய் காலியாக இருந்தால் படிப்பவர் காத்திருப்பார். நிறைந்திருந்தால் எழுதுபவர் காத்திருப்பார்.

காத்திருப்பது கெட்ட காரியம் என்று அவசரப்பட்டு முடிவு செய்துவிடாதீர்கள். காத்திருக்கும் நிரலைக் கெர்னல் தூங்க வைத்துவிடும். தூங்கும் நிரல் கணினியின் உழைப்பில் ஒரு துளியும் உண்பதில்லை. சேதி வந்ததும் கெர்னலே தட்டி எழுப்பும். கிராணிக்குச் சீட்டை எடுத்துப் பதிவதைத் தவிர வேறு வேலையே இல்லை என்றால், அவர் குழாயின் வாயில் உட்கார்ந்திருப்பதில் குற்றம் என்ன?

ஆனால் கொட்டகையில் இரண்டு தராசுகள் வந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தராசு, இரண்டு குழாய், ஒரே கிராணி. கிராணி முதல் குழாயின் வாயில் கண்ணை வைத்துக் காத்திருக்கிறார். முதல் தராசுக்கு அன்று ஆள் வரவில்லை. இரண்டாம் தராசிலோ வரிசை வாசல்வரை நீண்டிருக்கிறது. சீட்டு விழுந்து விழுந்து இரண்டாம் குழாய் நிறைந்துவிட்டது. கிராணி அதைத் திரும்பிப் பார்ப்பதாயில்லை. இலவு காத்த கிளியாக வராத சீட்டுக்குக் காத்திருக்கிறார். நிரலுக்கும் இதே கதிதான். ஒரு குழாயில் தூங்கிவிட்ட நிரலுக்கு அடுத்த குழாயில் என்ன நடக்கிறது என்பது தெரியாது.

இதைவிடப் பொல்லாத நிலையும் உண்டு. இரண்டு நிரல்கள் ஒன்றோடொன்று கேள்வியும் பதிலுமாகப் பேச விரும்புகின்றன. குழாய் ஒருவழிப் பாதை என்று முன்பே சொன்னேன். ஆகையால் கேள்விக்கு ஒரு குழாய், பதிலுக்கு ஒரு குழாய் வைக்கிறார்கள். முதல் நிரல் பதில் குழாயைப் படிப்பதற்காக முதலில் திறக்கிறது. இரண்டாம் நிரல் கேள்விக் குழாயைப் படிப்பதற்காக முதலில் திறக்கிறது. எழுதுவதற்கு யாராவது வரட்டும் என்று இருவரும் காத்திருக்கிறார்கள். எழுத வேண்டியவர்களும் அவர்களேதான்! குறுகிய சடக்கில் எதிர் எதிரே வந்த இரண்டு லாரிகள், நீ பின்னால் போ, நீ பின்னால் போ என்று நிற்பதைப் போல, விடியும்வரை நிற்க வேண்டியதுதான். இருவரும் ஒரே குழாயை முதலில் திறப்பது என்று ஒழுங்கு வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும். அல்லது, காத்திராத முறையைக் கையாள வேண்டும்.

காத்திராத முறை என்பது என்ன? குழாயைத் திறக்கும்போதே நிரல் கெர்னலிடம் ஒரு சொல் சொல்லிவிடுகிறது: "நான் கேட்டால், இருப்பதைக் கொடு. இல்லையென்றால் இல்லை என்று உடனே சொல்லிவிடு. என்னைத் தூங்க வைக்காதே." நான்பிளாக் என்று அந்தக் குறிப்புக்குப் பெயர். இதனால் சேதி ஒரு நொடிகூட முன்னதாக வந்துவிடாது. வராத சேதி வராததுதான். மாறுவது ஒன்றே ஒன்று: நிரலுக்கு உடனுக்குடன் பதில் கிடைக்கும். அந்தப் பதிலின் பொருளை அறிந்து நடப்பது நிரல் எழுதுபவரின் கடமை. இன்றைய பேச்சின் சாரமும் இதுதான்.

படிக்கும் பக்கத்தை முதலில் பார்ப்போம். காத்திராத முறையில் படிப்பதற்குத் திறந்தால், எழுதுபவர் இல்லாவிட்டாலும் குழாய் உடனே திறந்துவிடும். பிறகு "சேதி உண்டா?" என்று கேட்டால் மூன்று விதமான பதில் வரலாம்.

முதலாவது, சேதியே வரும். இத்தனை பைட் படித்தாயிற்று என்று எண்ணிக்கை வரும். பைட் என்பது கணினியில் ஓர் ஆங்கில எழுத்து அடங்கும் இடம்.

இரண்டாவது, ஈ-அகெய்ன் என்னும் பதில் வரும். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இதன் எண் 11. எழுதுகிற முனையில் ஆள் இருக்கிறார், ஆனால் இப்பொழுது சீட்டு எதுவும் இல்லை, பிறகு வந்து பார் என்பது இதன் பொருள்.

மூன்றாவது, பூச்சியம் என்ற எண்ணிக்கை வரும். எழுதுகிற முனையில் ஆளே இல்லை என்பது இதன் பொருள். இனிமேல்தான் வரப்போகிறாரோ, வந்து வேலை முடித்துப் போய்விட்டாரோ, எப்படியானாலும் இப்பொழுது அங்கே எவரும் இல்லை.

இரண்டாவது பதிலையும் மூன்றாவது பதிலையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. "இப்போதைக்கு இல்லை" என்பது வேறு. "ஆளே இல்லை" என்பது வேறு. தராசுக்காரர் அங்கேயே நின்றுகொண்டு அடுத்தவரின் பாலுக்குக் காத்திருக்கிறார் என்றால் கிராணி பொறுத்திருக்கலாம். தராசுக்காரர் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்றால், கிராணி கணக்கை முடித்துக் கையெழுத்திட வேண்டும். அல்லது, நேரமாகியும் வராத ஆளைத் தேடச் சொல்ல வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காத நிரல் ஒன்று, பாதியிலேயே கணக்கை மூடிவிடும். அல்லது, முடிந்துபோன வேலைக்கு முடிவில்லாமல் காவல் இருக்கும்.

இனி எழுதும் பக்கம். காத்திராத முறையில் எழுதுவதற்குத் திறக்கும்போது படிப்பவர் எவரும் இல்லையென்றால், குழாய் திறக்காது. ஈ-என்-எக்ஸ்-ஐ-ஓ என்னும் மறுப்பு வரும். அதன் எண் 6. படிப்பவர் இருந்தால் திறக்கும். எழுதும்போது குழாயில் இடம் இருந்தால் ஏற்றுக்கொள்ளும். இடம் இல்லையென்றால் அதே ஈ-அகெய்ன் வரும். படிப்பவர் நடுவிலே போய்விட்டிருந்தால் கதை வேறு. சிக்பைப் என்னும் எச்சரிக்கையைக் கெர்னல் அனுப்பும். அந்த எச்சரிக்கையை எப்படி எதிர்கொள்வது என்று நிரலில் எழுதி வைக்காவிட்டால், எழுதிய நிரலே அங்கே முடிந்துபோகும். பல நாள் நன்றாக ஓடிய நிரல் ஒருநாள் சத்தமில்லாமல் மறைந்துபோனதற்கு, இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

காத்திராத முறையைப் புதிதாகக் கற்றவர்கள் உடனே செய்யத் தோன்றும் ஒரு காரியம் உண்டு. "சேதி உண்டா? சேதி உண்டா? சேதி உண்டா?" என்று நிரலைச் சுழன்று சுழன்று கேட்க வைப்பது. பேருந்தில் ஏறிய குழந்தை "ஊர் வந்தாச்சா, ஊர் வந்தாச்சா?" என்று ஓயாமல் கேட்பதுபோல, அந்த நிரல் ஒரு நொடியில் இலட்சக்கணக்கான தடவை கேட்டுக்கொண்டிருக்கும். கணினி சூடேறும். மின்கலம் தீர்ந்துபோகும். மற்ற நிரல்களுக்கு உழைப்புக் கிடைக்காது. காத்துக் கிடக்கக் கூடாது என்று புறப்பட்டவர், ஓடிக் களைத்ததுதான் மிச்சம்.

இதற்கு நல்ல வழி இருக்கிறது. போல் என்று ஓர் ஏற்பாடு உண்டு. நிரல் தனக்கு வேண்டிய எல்லாக் குழாய்களின் பட்டியலையும் கெர்னலிடம் கொடுத்து, "இவற்றில் எதில் சேதி வந்தாலும் என்னை எழுப்பு. ஒன்றிலும் வராவிட்டாலும் ஐந்து நொடி கழித்து எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். நம்முடைய கிராணி ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு சிறு மணியைக் கட்டிவிட்டு, மற்றக் கணக்கைப் பார்க்கத் தொடங்குகிறார். எந்த மணி அடித்தாலும் அங்கே திரும்புவார். இங்கே கவனியுங்கள், நேயர்களே! காத்திருப்பு போய்விடவில்லை. ஒரு குழாயில் மட்டும் கட்டுண்டு கிடந்த காத்திருப்பு, எல்லாக் குழாய்களையும் ஒரே இடத்தில் பார்க்கும் காத்திருப்பாக மாறியிருக்கிறது. கால வரம்பும் நம் கைக்கு வந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டிலும் ஒரு சிக்கல் வரும். எழுதுபவர் எல்லாரும் வந்து, வேலை முடித்து, முனையை மூடிவிட்டுப் போனபின், "அவர் போய்விட்டார்" என்ற சேதியைக் கெர்னல் ஒவ்வொரு தடவையும் உடனே சொல்லிக்கொண்டிருக்கும். மணி ஓயாமல் அடிக்கும். நிரலுக்குத் தூக்கமே இருக்காது. அப்பொழுது குழாயை மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும். அல்லது, படிக்கும் நிரல் எழுதும் முனை ஒன்றையும் தானே திறந்து கையில் வைத்துக்கொள்ளலாம். எழுதும் முனை ஒன்று எப்போதும் திறந்திருப்பதால், "ஆளே இல்லை" என்ற பதில் வராது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. உண்மையாகவே ஆள் போய்விட்டாலும் தெரியாது. ஆகவே, வேலை முடிந்தது என்பதைத் தராசுக்காரர் "இதுவே கடைசிச் சீட்டு" என்று எழுதியே அனுப்ப வேண்டியிருக்கும்.

இப்பொழுது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்தப் பாடம் எதற்கு என்று கேட்டால், விடை இங்கேதான் இருக்கிறது.

லினக்ஸில் ஒரு குழாயின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். நாம் சொன்ன கொட்டகையில் மின் தராசும் கணினியும் வைத்துவிட்டார்கள் என்று கொள்வோம். ஒரு தொழிலாளியின் எண், நேரம், எடை எல்லாம் சேர்ந்து ஒரு வரிக்கு 32 பைட் ஆகிறது. அப்படியானால் குழாயில் ஏறக்குறைய 2,048 வரிகள் தங்கும். இது போதாதா என்று நினைக்கலாம். கணக்கு எழுதும் நிரல் எங்கேயோ சிக்கி நின்றுவிட்டது, ஒருவரும் கவனிக்கவில்லை, நாள்கள் ஓடுகின்றன. குழாய் நிறைகிறது. அடுத்து வரும் தொழிலாளியின் பாலை நிறுக்கிறார்கள். தராசு நிரல் எடையைக் குழாயில் எழுதப் போகிறது. காத்திராத முறையில் திறந்திருப்பதால், இடமில்லை என்று உடனே பதில் வருகிறது.

இனி என்ன செய்வது என்பது நிரலை எழுதியவர் கையில். அவர் பொறுப்பில்லாதவராக இருந்தால், அந்தப் பதிலைப் பார்க்காமலே அடுத்த எடைக்குப் போகும்படி எழுதியிருப்பார். தராசின் முகப்பில் எடை தெரிந்தது. தொழிலாளியும் பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அந்த எடை எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. மாதக் கடைசியில் சம்பளம் குறையும். கேட்டால், "கணினியில் இவ்வளவுதான் இருக்கிறது" என்று பதில் வரும். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் வெட்டிய பால் எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை. ஒரு மறுமொழியை ஒரு நிரல் காதில் வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கணினி பொய் சொல்லாது என்று பலர் நம்புகிறார்கள். கணினி பொய் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் கேட்காததைப் பதியாது.

காத்திருக்கும் முறையாக இருந்திருந்தால் இங்கே எடை தொலைந்திருக்காது. தராசு நிரல் நின்றுவிடும், வரிசையும் நிற்கும், ஆட்கள் சத்தம் போடுவார்கள், கோளாறு உடனே வெளிப்படும். காத்திராத முறையில் வரிசை நிற்காது. கோளாறும் வெளியே தெரியாது. ஆகவே, காத்திராமல் இருக்கும் உரிமையை எடுத்துக்கொண்டவர், மறுக்கப்பட்ட சீட்டைப் பாதுகாக்கும் கடமையையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எப்படிப் பாதுகாப்பது? எடையை முதலில் வட்டில் உள்ள ஒரு கோப்பில் பதிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகே குழாயில் அனுப்ப வேண்டும். இடமில்லை என்று பதில் வந்தால், அந்த வரியைத் தன்னிடமே வரிசையாக வைத்துக்கொண்டு, இடம் ஏற்பட்டதும் எழுப்பும்படி போல் ஏற்பாட்டில் சொல்லி வைக்க வேண்டும். தேங்கிய வரிகள் ஓர் அளவுக்கு மேல் போனால், விளக்கெரித்தோ மணியடித்தோ மனிதர்களுக்குச் சொல்ல வேண்டும். வட்டில் பதியச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழாயில் இருப்பது நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. மின்சாரம் போனாலும், இரு முனையையும் எல்லாரும் மூடிவிட்டாலும், உள்ளே மிஞ்சியிருந்தது மறைந்துபோகும். குழாய் சேதி போகும் வழிதான். அது கணக்குப் புத்தகம் ஆகாது.

மேலும் இரண்டு சிறு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தராசுகள் ஒரே குழாயில் எழுதினால் வரிகள் கலந்துபோகாதா என்று கேட்கலாம். லினக்ஸில் 4,096 பைட்டுக்கு மேற்படாத எழுத்து, துண்டுபடாமல் ஒரே கட்டாகக் குழாய்க்குள் போகும். காத்திராத முறையிலும் அப்படியே. முழு வரிக்கும் இடம் இருந்தால் முழுவதும் போகும். இல்லையென்றால் ஒரு பைட்டும் போகாது. அதைவிட நீளமானால் பாதி போய்ப் பாதி நிற்கலாம். ஆகையால் சேதியைச் சிறியதாக வைத்துக்கொள்வது நல்லது. தமிழ் எழுத்துகளை இன்று கணினியில் பரவலாக எழுதும் முறையில் உயிரெழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் கொள்ளும். கா, கி போன்ற உயிர்மெய்க்கு ஆறு பைட் ஆகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படிக்கும் பக்கத்துக்கு ஒரு செய்தி. குழாய்க்கு வரி எது, சீட்டு எது என்று தெரியாது. பைட்டுகள் வரிசையாக ஓடிவரும், அவ்வளவே. ஒரு தடவை படித்தால் இரண்டு வரிகள் சேர்ந்தே வரலாம். ஒன்றரை வரி வந்து நிற்கவும் கூடும். வரி முடியும் குறியைப் பார்த்துப் பிரித்தெடுத்து, அரை வரியை ஓரமாக வைத்து, மிச்சம் வந்ததும் ஒட்டிக்கொள்வது படிக்கும் நிரலின் வேலை.

பெயர்க்குழாய் எல்லாவற்றுக்கும் ஏற்ற மருந்தன்று என்பதையும் சொல்ல வேண்டும். அது ஒரே கணினிக்குள் மட்டும் வேலை செய்யும். கொட்டகையில் ஒரு கணினி, பட்டணத்து அலுவலகத்தில் இன்னொரு கணினி என்றால், சாக்கெட் என்னும் வேறு வழியைத்தான் நாட வேண்டும். அங்கும் "இப்போதைக்கு இல்லை", "ஆள் இல்லை", "இடமில்லை" என்ற பதில்கள் வரத்தான் வரும். குழாயில் இதைச் சரியாகக் கற்றவருக்கு அது கடினமாக இராது.

நேயர்களே, இதுவரை கூறியதைச் சுருக்கிச் சொல்லுகிறேன். வேறு வேலை இல்லாத நிரல் காத்திருக்கலாம், அதில் இழப்பில்லை. பல வேலை உள்ள நிரல் காத்திராத முறையை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் சுற்றிச் சுற்றிக் கேட்டுக் கணினியை வருத்தாமல், கெர்னலிடம் சொல்லி வைத்துவிட்டு ஓய்ந்திருக்கட்டும். "இப்போதைக்கு இல்லை" என்பதையும் "ஆளே இல்லை" என்பதையும் பிரித்தறியட்டும். "இடமில்லை" என்ற பதில் வந்தால், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடாமல் காப்பாற்றட்டும்.

உங்கள் பிள்ளைகள் நாளை இப்படிப்பட்ட நிரல்களை எழுதும் இடத்துக்கு வரக்கூடும். லினக்ஸுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. பழைய கணினி ஒன்றில்கூட அதை ஏற்றிக்கொண்டு, நான் சொன்ன இரண்டு சாளரச் சோதனையை இன்று மாலையே செய்து பார்க்கலாம். அப்படி அவர்கள் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பக்கம் இடமில்லை என்று சொன்னால் உன் நிரல் என்ன செய்யும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கணினி படிக்காதவர்களும் கேட்கக்கூடிய கேள்விதான் அது. ஓர் எடைச் சீட்டு தொலைந்தால் ஒரு வீட்டில் என்ன குறையும் என்பதை அறிந்த நீங்கள்தான் அதைக் கேட்கத் தகுதி உள்ளவர்கள்.